பயிற்றுநர் தேர்வுக்கு ஒரு மாணவி

மார்ச் 3, திங்கள்

பயிற்றுநர் வகுப்பில் சேருகிறவர்கள் ஆறு வாரமும் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். யாரும் வாங்கிப் பார்க்கமாட்டார்கள், அவரவர் நன்மைக்காகத்தான் என்று விண்ணப்பத்திலேயே போட்டிருக்கிறது. சரி, எழுதுகிறேன்.

பெயர் ரங்கதுரை. வயது நாற்பத்தொன்று. கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு பில்லியர்ட்ஸ் ஹாலில் பன்னிரண்டு வருடமாக மேற்பார்வை வேலை. ஒரு பெரிய பில்லியர்ட்ஸ் மேஜை, இரண்டு பூல் மேஜைகள். மாநிலப் போட்டியில் இரண்டு முறை இரண்டாம் இடம் வாங்கியிருக்கிறேன். இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் சொல்வேன்.

ஓனர் நவநீதன் காலையில் கூப்பிட்டார். மே மாதத்திலிருந்து ஹால் பயிற்சி மையமாக மாறுகிறதாம். தலைமைப் பயிற்றுநர் ஒருவர்தான். இந்த வகுப்பை நடத்தும் பில்லியர்ட்ஸ் சங்கத்தின் சான்றிதழ் அவரிடம் இருக்க வேண்டும். "உங்கள உட்டா வேற யாரு துரை?" என்றார். சாயங்காலம்தான் தெரிந்தது, ஆல்வினிடமும் இதையே சொல்லியிருக்கிறார்.

ஆல்வின் ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு லேத் ஓட்டச் சொல்லித் தருகிறவன். ஆறு வருடமாக மாலையில் எங்கள் ஹாலுக்கு வந்து விளையாடுகிறான். முப்பத்தைந்து வயதில் முதன்முதலாகக் கியூவை, பந்தடிக்கும் கோலை, பிடித்தவன். மூன்று பந்து குழிக்குள் போனால் நாலாவது தவறும். அவனும் பயிற்றுநர் வகுப்பில் சேருகிறான். சிரிப்புத்தான் வந்தது.

மார்ச் 8, சனி

முதல் வகுப்பு. பன்னிரண்டு பேர். நடத்துகிறவர் சென்னையிலிருந்து வந்திருக்கும் ஊர்மிளா மேடம். அறுபது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிறார்.

எல்லோரையும் பூல் மேஜையில் விளையாடிக் காட்டச் சொன்னார். நான் ஒரு பந்து விடாமல் மேஜையைக் காலி செய்தேன். கைதட்டினார்கள். ஆல்வின் மூன்றாவது பந்திலேயே தவறவிட்டான்.

மேடம் என்னிடம் கேட்டார்: "நல்லா இருந்துச்சு துரை. அந்தக் கடைசிப் பந்து அடிக்கும்போது உங்க முழங்கை என்ன பண்ணிச்சு?"

"அது தானா வருமுங்க மேடம்."

"கத்துக்க வர்றவங்களுக்குத் தானா வராதே. என்ன சொல்லுவீங்க?"

கியூவை எடுத்து மறுபடி அடித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. அப்போது ஆல்வின் கையைத் தூக்கினான். "துரையண்ணன் முழங்கை அசையவே அசையாதுங்க மேடம். கை மட்டும் ஊஞ்சலாட்டம் போயிட்டு வரும். பந்து கெளம்புனப்புறம்தான் முழங்கை லேசா கீழ எறங்கும்."

"குட்," என்றார் மேடம்.

என் முழங்கையைப் பற்றி அவன் சொல்ல, குட் அவனுக்கு.

மார்ச் 9, ஞாயிறு

தேர்வு எப்படி என்று இன்று சொன்னார்கள். எங்களை யாரும் விளையாடச் சொல்லப் போவதில்லை. ஒவ்வொருவரும் இதுவரை கியூவைத் தொட்டே பார்க்காத ஓர் ஆளைக் கொண்டுவந்து ஐந்து வாரம் சொல்லித்தர வேண்டும். தேர்வு நாளில் அந்த ஆள் விளையாடுவார். பயிற்றுநர் பக்கத்தில் நின்று வாயால் மட்டும் திருத்தலாம். அந்த ஆள் எப்படி விளையாடுகிறாரோ அதுதான் நம் மார்க்.

இது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

மச்சானைக் கேட்டேன், நேரமில்லை என்றான். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொன்னார். மனைவி சாருமதி துணி மடித்துக்கொண்டிருந்தவள், "ஏனுங்க, நா வரட்டுங்களா?" என்றாள். சிரித்துவிட்டேன். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அவள் ஹாலுக்குள் வந்தது இரண்டு முறை. இரண்டும் நான் மறந்துவைத்த சாவியைக் கொடுக்க.

வேறு ஆள் கிடைக்கவில்லை. அவள் பெயரையே எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 12, புதன்

சாருவுக்கு முதல் பாடம். அவள் பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறாள். ஷாஃப்ட் அளவு சரியா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. அதனால் கண் நன்றாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பந்து எங்கெங்கோ போகிறது. பொறுமையே இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "ஒம்பது தடவ கைல இருந்து கியூவப் புடுங்கிட்டீங்க" என்றாள். எண்ணிக்கொண்டா இருந்தாள்? காட்டினால்தானே தெரியும்.

மார்ச் 16, ஞாயிறு

எல்லோரும் தங்கள் ஆட்களை வகுப்புக்குக் கூட்டிவந்தார்கள். ஆல்வினின் ஆள் கனகவல்லி அம்மா. அறுபத்திரண்டு வயது, தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். ஆல்வின் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். ஒரு மணி நேரமும் கியூவைத் தொடவில்லை. "அம்மா, தபால்ல முத்திர குத்துறப்ப இங்க்கு ஈசாம ஒரே நேரா குத்துவீங்கல்ல? அதே கைதானுங்க" என்றான். அந்த அம்மா சிரித்துக்கொண்டே அடித்தார். பந்து விழுந்தது.

அதிர்ஷ்டம். அடுத்தது விழவில்லை. அதற்கடுத்தது விழுந்தது.

சாரு என் பக்கத்தில் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 18, செவ்வாய்

சாரு கியூவின் நுனியால் மேஜைத் துணியை உரசிவிட்டாள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கியூவை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டாள். துணி கிழியவில்லை.

மார்ச் 19, புதன்

ரசம், பீன்ஸ் பொரியல். பேச்சு இல்லை.

மார்ச் 21, வெள்ளி

ஓனர் கூப்பிட்டதால் மாடிக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது சாருவின் சிரிப்புச் சத்தம் கதவுக்கு வெளியே கேட்டது. வீட்டில் அவள் சிரித்து எத்தனை நாளாகிறது என்று யோசித்தேன்.

உள்ளே இரண்டாம் மேஜையில் அவள், நாலடி தள்ளி ஆல்வின். ஏதோ ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறாள். "கண்ண வெள்ளப் பந்து மேல வெக்காதீங்க்கா, நீங்க குழிக்குள்ள போடப் போற பந்து மேல வைங்க" என்றிருக்கிறான். அவ்வளவுதான். மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நேராக அடித்து விழவைத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வாரமாக வராத அடி.

"பாத்தீங்களா!" என்றாள் என்னிடம். "ம்" என்றேன்.

அவன் சொன்னதை நானும் முதல் நாளே சொல்லியிருப்பேன். சொன்னேனா என்று ஞாபகமில்லை.

எனக்கு இதில் ஒன்றுமில்லை. நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 23, ஞாயிறு

கனகவல்லி அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டது. ஒரு மாதம் குனிந்து நிமிரக் கூடாதாம். ஆல்வினுக்கு இப்போது ஆள் இல்லை. வகுப்பு முடிந்ததும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். பாவமாகத்தான் இருந்தது.

மார்ச் 24, திங்கள்

காலை பதினொன்றரைக்கு ஊர்மிளா மேடத்திடமிருந்து எனக்குச் செய்தி. ஆல்வின் புது ஆளைப் பதிவு செய்யலாம், நாளை மாலை ஐந்து மணி கடைசி நேரம், அவர் போன் அணைந்திருக்கிறது, நீங்கள் ஒரே ஹாலில்தானே இருக்கிறீர்கள், சொல்லிவிடுங்கள் என்று. ஆல்வினின் தொழிற்சாலையில் போனை வாசலிலேயே அணைத்து வாங்கி வைத்துவிடுவார்கள்.

மாலை ஆறரைக்கு அவன் வந்தான். நிறைய வேலை இருந்தது. மேஜைக்கு பிரஷ் போட வேண்டியிருந்தது.

மார்ச் 25, செவ்வாய்

வேலை அதிகம். மறந்தே போய்விட்டது.

நாலு பத்துக்கு மணி பார்த்தேன். நாலு நாற்பதுக்குப் பார்த்தேன். நாலு ஐம்பத்தைந்துக்கு, பிறகு ஐந்து இரண்டுக்கு.

மார்ச் 27, வியாழன்

"பரவால்லீங்ணா, அடுத்த பேட்ச்ல பாத்துக்கறேன்," என்றான் ஆல்வின். "நம்ம ஹால்ல இருந்து நீங்களாச்சும் பாஸ் பண்ணோணும். அக்காவுக்கு ஏதாச்சும் சொல்லோணும்னா சொல்லுங்க, சாயங்காலம் சும்மாத்தான் இருக்கறேன்."

வேண்டாம் என்றேன்.

மார்ச் 29, சனி

இதை எழுத வேண்டுமா என்று காலையிலிருந்து யோசித்தேன்.

வகுப்புக்குக் கிளம்பும் நேரம். சாரு புறப்படாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். "நேரமாச்சு, வா" என்றேன்.

"செவ்வாக்கெழம காத்தால சிலிண்டர் புக் பண்ண உங்க போன எடுத்தனுங்க," என்றாள். "அந்த மேடம் அனுப்புனது மேலயே இருந்துச்சு."

நான் கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்தேன்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். வியாழக்கெழம ஹால்ல நானும் இருந்தேன். அந்தாளு வந்து உங்களுக்கே நல்லது சொல்லிட்டுப் போறாரு. அப்பவாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"மறந்துட்டேன்."

"என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

பார்க்க முடியவில்லை. அவள் நிறுத்தவில்லை. "அன்னிக்கு அத்தன பேரு முன்னால, துணி கிழிஞ்சா உங்கப்பனா வந்து தெச்சுக் குடுப்பான்னு கேட்டீங்க. எங்கப்பாரு போய்ச் சேந்து மூணு மாசம். அதக்கூட நா பொறுத்துக்கிட்டேன், உங்க பரீட்ச முடியட்டும்னு. இது அப்படி இல்லீங்க. நீங்க சொல்லாம நா கியூவத் தொடமாட்டேன்."

அப்படிச் சொன்னேனா? சொன்னேன். இங்கே எழுதாமல் விட்டிருந்தேன்.

வகுப்புக்குத் தனியாகப் போனேன். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று மேடத்திடம் பொய் சொன்னேன். ஒரே நாளில் அது வேறு.

மார்ச் 30, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு மேடத்துக்குப் போன் போட்டேன். சாரு பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செய்தி வந்ததையும், வேண்டுமென்றே சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். "வேண்டுமென்றே" என்ற சொல் இரண்டாவது முறைதான் வந்தது.

செய்தி வந்த நேரத்தை மேடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, "ஆல்வினுக்கு ஒருநாள் கூடுதலா தர்றேன். உங்க பேரை இந்த பேட்ச்லேர்ந்து எடுத்துடறேன், துரை. சொல்லிக்கொடுக்க வர்றவங்கள நம்பித்தான் கத்துக்க வருவாங்க. அடுத்த பேட்ச்ல மறுபடி விண்ணப்பம் போடுங்க, பாக்கறேன்," என்றார்.

போனை வைத்ததும் சாரு கேட்டாள்: "ஒரே நாள்ல புது ஆளுக்கு அவரு எங்க போவாரு?"

எனக்கென்ன தெரியும் என்றேன்.

"என்ற பேரு ஏற்கெனவே பதிவுல இருக்குதுங்கல்ல?"

அவள் என்ன சொல்கிறாள் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது. புரிந்ததும், முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த முகத்தோடு சொல்ல? கீரைத் தண்டுகளை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு அவள் ஆல்வினுக்குப் போன் செய்தாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இரண்டாம் மேஜையில் சாருவும் ஆல்வினும், ஆறரை முதல் எட்டு வரை. கல்லாவிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். இப்போது சத்தம் மட்டும் கேட்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

நாற்காலியை மறுபடி பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 5, சனி

ஆல்வின் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். "நீங்க மேடம்கிட்ட எனக்காகப் பேசுனீங்களாமா. அக்காவையும் அனுப்பி வெச்சீங்க. யாருங்ணா இப்படிப் பண்ணுவாங்க?"

மேடம் அவனிடம் விவரம் சொல்லவில்லை போலிருக்கிறது. சாருவும் சொல்லவில்லை. நான் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். அடக்கமாகச் சொன்னது மாதிரி இருந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

சாரு இன்று தொடர்ச்சியாக நாலு பந்து போட்டாள். நாலாவதைத் தவறவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்றா எழுதினேன்? ஆசைப்பட்டேன்.

அவள் தப்பாக அடிக்கும்போது ஆல்வின், "இப்ப என்ன ஆச்சுங்க்கா?" என்று அவளிடமே கேட்கிறான். அவள் யோசித்துச் சொல்கிறாள். "பின்னால கை இறுகிப்போச்சு." பாதி நேரம் அவள் சொல்வதே சரியாக இருக்கிறது. ஷாஃப்டில் எந்தப் பக்கம் ஒரு நூல் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறவள்தானே. பதினாலு வருடத்தில் நான் அவளிடம் எதையாவது "என்ன ஆச்சு" என்று கேட்டிருக்கிறேனா?

அவன்மேல் எரிச்சலாக வருகிறது. தப்பு ஏதாவது செய்தானா என்றால் இல்லை. அதனால் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

ஏப்ரல் 12, சனி

நாளை தேர்வு. ஆல்வின் கல்லாவுக்கு வந்து, "மேடம்கிட்ட ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுக்கலாம்னு இருக்கறனுங்ணா. உங்க பேர எதுக்கு எடுத்தாங்கன்னு தெரியல, என்னால உங்க வாய்ப்புப் போயிருச்சோன்னு மனசு கேக்கல. நாளைக்கே குடுக்கறேன்," என்றான்.

அதற்குமேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை செய்தி, செவ்வாய்க்கிழமை கடிகாரம், எல்லாம்.

அவன் முகம் வெளுத்துப்போனது. "நா பரவால்லீங்ணான்னு சொன்னப்ப கேட்டுட்டுத்தான இருந்தீங்க?" என்றான்.

"ஆமா."

"நன்றி சொன்னப்பவும்?"

"ஆமா."

கையில் இருந்த, கியூ நுனியில் தேய்க்கிற சாக் கட்டியைக் கல்லாமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சாருவை ஸ்கூட்டரில் தேர்வுக்குக் கொண்டுபோய் விட்டேன். உள்ளே போகப் பிடிக்காமல், ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றேன். ஆல்வின் என்னைப் பார்த்தான், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான்.

சாரு நீலச் சுடிதார். குனிந்து கியூவை வைத்தபோது, சேலம் ஹாலில் என் முதல் போட்டிக்கு நான் நின்றது போலத் தோன்றியது. முழங்கை அசையவில்லை. ஐந்து பந்தில் நாலு. தவறிய ஒன்றைப் பற்றி மேடம் கேட்டதும் அவளே காரணம் சொல்லியிருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆல்வின் பாஸ். திரும்பி வரும் வழியில் அவளிடம், "நல்லா அடிச்ச" என்றேன். ஹெல்மெட்டுக்குள் கேட்டதோ இல்லையோ.

மே 5, திங்கள்

பயிற்சி மையம் திறந்தார்கள். தலைமைப் பயிற்றுநர் ஆல்வின். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டான். நான் பழையபடி மேற்பார்வை. அவன் என்னிடம் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறான். "மூணாம் மேஜைக்கு லைட் மாத்தோணுங்க." அண்ணா என்பது போய்விட்டது. அது இவ்வளவு உறுத்தும் என்று நினைக்கவில்லை.

ஜூலை 5, சனி

அடுத்த பேட்ச் தொடங்கியது. மேடம் என்னைச் சேர்த்துக்கொண்டார். சாருவை மாணவியாக வரச் சொன்னேன். "நா என்னுங்க புது ஆளா?" என்றாள். சரிதான். இப்போது வாரத்தில் இரண்டு நாள் அவளும் அவள் கம்பெனிப் பெண்கள் மூன்று பேரும் வந்து விளையாடுகிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

ஆல்வின் ஒரு துண்டுச் சீட்டைக் கல்லாமேல் வைத்தான். ஒரு போன் நம்பர். "கனகவல்லியம்மாவுக்குக் கண்ணு சரியாயிருச்சாமா. ரெண்டே நாள்தான் அடிச்சவங்க, புது ஆளுன்னே மேடம் ஒத்துக்கிட்டாங்க. உங்களுக்கு ஆள் வேணுமில்ல?"

"எனக்காக நீ எதுக்குப்பா?" என்றேன்.

"அந்தம்மா கத்துக்கோணும்னு ஆசப்படறாங்க. அவங்களுக்காக," என்றான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "மணிக்கட்டு கொஞ்சம் வலிக்கும் அவங்களுக்கு. பாத்துக்குங்க," என்றான்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று அடித்த பந்து ஒன்றும் விழவில்லை; என்ன சொல்லித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. கனகவல்லி அம்மா காத்திருந்தார். கடைசியில், "உங்களுக்கு எங்கம்மா இறுகுது?" என்று கேட்டேன். "தோள்ல தம்பி," என்றார். தோளைத் தளர்த்தச் சொன்னேன். விழுந்தது.

கியூவை நான் பிடுங்கியது இன்று இரண்டு முறை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பாஸ்.

கனகவல்லி அம்மா ஐந்தில் மூன்று போட்டார். நாலாவதைத் தவறவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். "அவசரப்பட்டுட்டீங்க, மூச்ச விட்டுட்டு அடிங்க" என்று மட்டும் சொன்னேன். மேடம் ஏதோ எழுதிக்கொண்டார். இனி நானும் சங்கத்தின் பயிற்றுநர். திங்கட்கிழமையிலிருந்து காலை வகுப்பு எனக்கு என்று ஆல்வினே ஓனரிடம் சொல்லியிருக்கிறான்.

சங்கத்தின் சுவரில் இரண்டு பேட்ச் முடிவுகளும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. எனக்கு எழுபத்தொன்பது. என் பெயரைப் பார்த்த அடுத்த நொடியே கண் பக்கத்துத் தாளுக்குப் போய்விட்டது. ஆல்வினுக்கு எண்பத்தொன்று. வீடு வந்து சேரும்வரை அந்த இரண்டு மார்க்தான் மண்டைக்குள்.

சாரு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மறைக்காமல் சொன்னேன். பாஸானதை முதலில், இரண்டு மார்க்கை அடுத்து.

அவள் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "அவரு மார்க்கு பூரா நா பந்தப் போட்டதுக்குக் குடுத்ததுங்க. அந்தாள எதுக்கு நோண்டறீங்க? பொறாமப்படோணும்னா என்ற மேல படுங்க."

"பட்டுட்டுத்தான் இருக்கறேன் சாரு," என்றேன். "மார்ச் மாசத்துல இருந்து."

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு தட்டை எடுத்து வைத்து, "உக்காருங்க, சூடா இருக்குது" என்றாள்.